தொண்ணூற்றொன்பது சதவீதம்

எழுபத்தாறு. இன்னும் எழுபத்தாறுதான். திரையின் வலது மூலையில் அந்தச் சின்ன எண் நல்ல பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப்பின் உடம்புச் சூடு அது. இடது பக்கம் இன்னோர் எண், வேலை எவ்வளவு முடிந்தது என்று சொல்வது. அது ஐம்பத்தெட்டு. காலையில் காபி குடித்த கையோடு ஓட விட்டேன். இப்போது சாப்பாடாகி, என் மனைவி குணவதி சாப்பிட்ட தட்டையும் நானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாயிற்று. ஐம்பத்தெட்டு. இப்படி மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனால் விளக்கு வைத்த பிறகுதான் நூறு வரும். ஆனால் ஐந்து மணிக்கு ஆட்டோ வருகிறது. பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து சென்னை, அங்கே கண் ஆஸ்பத்திரி, இன்றைக்கே அட்மிஷன், நாளைக் காலையில் அவளுக்கு ஆபரேஷன். போய்ப் படுத்ததுமே கண்ணில் சொட்டு மருந்து விட ஆரம்பித்துவிடுவார்களாம், அப்புறம் எதிரே யானை நின்றாலும் தெரியாதாம். ஆபரேஷனுக்குப் பிறகு? டாக்டரம்மா நல்லவர், பொய் சொல்லத் தெரியாதவர். "இருக்கிற பார்வையைக் காப்பாத்தப் பாக்கறோம் சார். அதுவும் போயிடலாம். மனசைத் தயார் பண்ணிக்குங்க" என்றார், குணவதியை வெளியே உட்கார வைத்துவிட்டு. குணவதியின் வலது கண்ணைச் சர்க்கரை எப்போதோ தின்று ஏப்பம் விட்டாயிற்று. இடது கண்ணில் ஓரமாகக் கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சத்துக்குத்தான் நாளைக்குக் கத்தி. வெளியே உட்கார்ந்திருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கண் போகப் போகக் காது கூர்மையாகிவிட்டது அவளுக்கு. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள், "எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணிக் குடுங்க. தாமரையை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்." தாமரைச்செல்வி எங்கள் மகள். ஒரே மகள். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் செத்துப்போனாள், இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இருக்கிற நாலு போட்டோவையும் குணவதியால் பார்க்க முடியாது. அசையாத பொருள் அவள் கண்ணுக்குச் சுவரோடு சுவராகிவிடுகிறது. அசைந்தால் தெரிகிறது. பெரிதாக, தெளிவாக, அசைந்தால். அப்படி அசைகிற தாமரை உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறாள், என் மைத்துனன் கல்யாண வீடியோவில், அரை நிமிஷம், புகை மூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி. அந்தப் புகையைத்தான் இந்த லேப்டாப் துடைத்துக்கொண்டிருக்கிறது, ஐம்பத்தெட்டு சதவீதம் துடைத்திருக்கிறது.

துடைப்பதா, வேறு ஏதாவதா, எனக்கென்ன தெரியும். நிறைமதி சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். நிறைமதி என் தம்பி மகள், ஓசூரில் வேலை. அவளுடைய பழைய லேப்டாப் இது. பேட்டரி உப்பிப்போய் அதைக் கழற்றி எறிந்தாயிற்று, ஒயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். "ஆபீஸ் லேப்டாப்புல இந்த சாஃப்ட்வேரெல்லாம் போட விடமாட்டாங்க பெரியப்பா, நான் போன்லயே சொல்றேன், நீங்க பண்ணிடுவீங்க" என்றாள். பண்ணினேன். அரை நிமிஷப் படம் என்பது ஒரு படம் இல்லையாம், எழுநூற்றுச் சொச்சம் படங்களாம். ஒவ்வொன்றாக எடுத்து, பெரிதாக்கி, இல்லாத இடத்தையெல்லாம் நிரப்பி, திரும்பக் கோர்க்குமாம். மூன்று நாளாக ஓட விடுகிறேன். மூன்று நாளும் பாதி வழியில் பட்டென்று கறுத்துப்போயிற்று. கறுத்தால் முதலிலிருந்து. சூடுதான் காரணம் என்றாள். இதன் பிராசசருக்கு ஒரு குணமாம், வேலை அதிகமானால் தன் சொந்த வேகத்துக்கு மேலே எகிறி ஓடுமாம், கொஞ்ச நேரத்துக்கு. சூடு தாங்காவிட்டால் தானே இறங்கி மூச்சு வாங்குமாம். அதற்கும் மேலே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுமாம். "உச்ச வேகம்னு ஒரு கட்டத்துல நூறுன்னு இருக்குல்ல பெரியப்பா, அதைத் தொண்ணூத்தொம்போதுன்னு மாத்துங்க. அந்த ஒரு பர்சென்ட் கொறைச்சா எகிறவே எகிறாது." மாற்றினேன். நம்பவே முடியவில்லை. ஒரே ஒரு சதவீதம், இருபது டிகிரி இறங்கிவிட்டது. வேகமும் பாதியாகிவிட்டது. நானும் அப்படித்தான் ஆனேன், யாரோ எங்கேயோ ஒரு எண்ணை மாற்றிவிட்டார்கள், அந்த வருஷத்திலிருந்து நான் எகிறவில்லை. சாப்பிட்டேன், டூட்டிக்குப் போனேன், ரிட்டையர் ஆனேன். சூடும் இல்லை, வேகமும் இல்லை. யாரும் குறை சொல்லவில்லை. சரி, சொல்ல வந்தது அது இல்லை. "ஃபேனுக்குள்ள தூசி இருக்கும், அடியில திருகாணியைக் கழட்டிப் பாருங்க" என்றும் சொன்னாள். கழற்றினேன், நேற்று. தூசியா அது. வெள்ளை வெளேரென்று, பொடிப் பொடியாக, ஃபேனின் ஒவ்வொரு இதழிலும், அதற்குப் பின்னாலிருக்கிற சல்லடையிலும் அப்பிக்கொண்டு. சுண்ணாம்போ என்று நினைத்து மோந்து பார்த்தேன். திருநீறு. எங்கள் வீட்டுத் திருநீறு, அந்தப் பச்சைக் கற்பூர வாசனையோடு. "குணா, இதுல திருநீறு எப்படி வந்தது?" என்றேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், "அதுக்கு சூடு சூடுன்னு நீங்க போன்ல பேசிட்டே இருந்தீங்களே. நீங்க கடைக்குப் போனப்ப ரெண்டு தடவை போட்டு ஊதினேன்." குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் இட்டு, மிச்சத்தை உச்சந்தலையில் ஊதுவார்களே, அப்படி. ஃபேன் ஓடுகிற இடம் அவள் கைக்குக் காற்றாகத் தெரிந்திருக்கிறது, அதுதான் அதன் மூச்சு என்று அங்கே ஊதியிருக்கிறாள். அதுவும் சளைக்காமல் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். எல்லாம் வரவில்லை. சல்லடைக்குள் போனது போனதுதான்.

ஐம்பத்தொன்பது. எழுபத்தாறு. இதைத் தொண்ணூற்றொன்பதிலேயே விட்டால் பத்திரமாகப் போய்ச் சேரும், யாருமில்லாத வீட்டில் நூறு வரும், பூட்டின வீட்டுக்குள் தாமரை தெளிவாக நிற்பாள், பார்க்க ஆள் இருக்காது. நூறுக்கு ஏற்றினால் ஐந்துக்குள் வந்தாலும் வரும், நடுவில் செத்தாலும் சாகும். என்ன பிழைப்பு இது. முப்பத்தோரு வருஷம் சப்-ஸ்டேஷனில் இதைத்தானே செய்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய்ச் சூட்டைக் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டு, அது சிவப்புக் கோட்டைத் தொடப்போகிறது என்றால் எந்த ஏரியாவை இருட்டாக்கலாம் என்று யோசித்துக்கொண்டு. மே மாசத்தில் வேலூரே ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துவிடும். முள் ஏறும். ஒரு ஸ்விட்ச். நாலு தெரு இருண்டுவிடும். உடனே போன் அடிக்கும், என் அப்பா அம்மாவையெல்லாம் பெயர் சொல்லாமல் விசாரிப்பார்கள். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலு தெருவை அணைத்தால்தான் நாற்பது தெரு பிழைக்கும், அவ்வளவுதான் கணக்கு, அதில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை. இப்போது இந்த முழம் நீளப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு எண்ணை மாற்ற யோசிக்கிறேன். இங்கே எந்தத் தெருவை அணைப்பது? எனக்கு இருப்பது ஒரே தெரு. நிறைமதியைக் கூப்பிடலாமா? மீட்டிங்கில் இருப்பாள். கூப்பிட்டால் என்ன சொல்வாள், "உங்க இஷ்டம் பெரியப்பா" என்பாள். என் இஷ்டம். என் இஷ்டப்படி எது நடந்திருக்கிறது. செட்டிங்ஸுக்குப் போய், அந்தக் கட்டத்தைத் தேடி, தொண்ணூற்றொன்பதை அழித்து, நூறு என்று அடித்தேன். நல்லவேளை, ஓடுகிற வேலை நிற்கவில்லை. ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. அப்புறம் உள்ளே ஃபேன் எழுந்த சத்தம் கேட்டது, யாரோ போர்வையை உதறிக்கொண்டு எழுந்த மாதிரி. எண்பத்திரண்டு. எண்பத்தேழு. தொண்ணூற்றொன்று. அடப்பாவி, இவ்வளவு வேகமாகவா.

டேபிள் ஃபேனை இழுத்துப் பக்கத்தில் வைத்தேன். நாலு பாட்டில் மூடிகளை அடியில் கொடுத்துப் பின்பக்கத்தை ஏற்கெனவே தூக்கி வைத்திருக்கிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டைக் கொண்டுவந்து பிளாஸ்டிக் கவரில் கொட்டி, துண்டில் சுற்றி, அடியில் தள்ளினேன். தண்ணீர் உள்ளே போய்விட்டால்? போகாது, மேலே தூக்கித்தானே இருக்கிறது, ஆனால் துண்டு நனைந்துவிட்டால், நனைந்துதானே தீரும். தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றெட்டு என்று பார்த்ததும் உடம்பு ஒரு நொடி தளர்ந்து, அப்பாடா, இறங்கிவிட்டது என்கிறது. இறங்கவில்லை முண்டமே, ஏறியிருக்கிறது. இது மனுஷ உடம்பு இல்லை. ஆனாலும் கண் பழைய கண்தானே, அதற்குத் தொண்ணூற்றெட்டு என்றால் நிம்மதி, நூறு என்றால் பயம், நூற்றிநாலு என்றால், வேண்டாம். தாமரைக்கு வைத்துப் பார்த்தது பாதரசத் தெர்மாமீட்டர். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் அந்த வெள்ளிக் கோடு தெரியும். சில சமயம் கோடு தெரியாமல் போகும், திருப்பினால் தெரியும், அந்த இடைவெளியில்தான் எத்தனை நினைப்பு. குணவதி துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியில் போடுவாள், நான் பார்ப்பேன், நூற்றிரண்டு. காலையில் தொண்ணூற்றெட்டு ஆறு என்று காட்டும், குழந்தை இட்லி கேட்கும், நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். சாயங்காலமானால் மறுபடி. காய்ச்சல் என்றால் கிருமியோடு உடம்பு சண்டை போடுகிறது, அதனால்தான் சூடு, நல்லதுதான் என்று பக்கத்து வீட்டு வாத்தியார் சொன்னார். அதுவும் தன் சொந்த வேகத்துக்கு மேலே எகிறித்தானே ஓடியிருக்கிறது, அந்தச் சின்ன உடம்பு. அதற்கு ஒரு தொண்ணூற்றொன்பது வைக்க யாருக்கும் தெரியவில்லை. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். மூளைக்கு ஏறிவிட்டது, மூளைக்கு ஏறிவிட்டது, இந்த இரண்டு வார்த்தையும் எனக்குள் எப்போதும் ஒரே குரலில்தான் வரும், ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் வாடையோடு. தொண்ணூற்றாறு. இப்போது நிஜமாகவே இறங்குகிறது, ஐஸ் வேலை செய்கிறது. இறங்கினால் அழ வருகிறதே, ஏறினாலும் அழ வருகிறது. அறுபத்தேழு சதவீதம். பரவாயில்லை. வேகமாகத்தான் போகிறது.

ஹாலில் குணவதி பையில் சாமான் வைத்துக்கொண்டிருக்கிறாள். கையால் பார்த்துப் பார்த்து. பிளாஸ்டிக் மக் பக்கெட்டில் இடிக்கிற சத்தம், ஃபிளாஸ்கின் மூடியைத் திருகித் திருப்பித் திருகுகிற சத்தம், புடவையை மூன்றாக மடிக்கிற அந்த வழவழச் சத்தம். நான் போய் எடுத்து வைக்கலாம், ஆனால் இந்த எண்ணை விட்டு எழுந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றுகிறது. பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது? அன்றைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நூறு. ஐயோ, நூறு. துண்டு நனைந்து தொப்பென்று கிடக்கிறது, ஐஸ் கரைந்துவிட்டது. கதவருகே நிழல். வந்து நிற்கிறாள், வலது கை மூடியிருக்கிறது. அந்த மூடின கை எனக்குத் தெரியும். "ஃபேன் ரொம்பக் கத்துதுங்களே. திரும்பச் சூடா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் சத்தம் வந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டு இரண்டடி வந்துவிட்டாள். "கிட்ட வராத! கொட்டிடாத அதுல! உன்னாலதான் மூணு நாளா இந்த எழவே!" என்று கத்திவிட்டேன். எழவு என்ற சொல் அப்படியே அறையில் நின்றது. குணவதி நின்ற இடத்திலேயே நின்றாள். கையைத் திறக்கவில்லை. "நான் அதுல போட வரல. உங்களுக்கு இட்டுவிடலாம்னு வந்தேன்" என்றாள். எழுந்து போய் அவள் முன்னால் குனிந்தேன், அவள் விரல் என் மூக்கைத் தடவி, புருவத்தைத் தடவி, நெற்றியைக் கண்டுபிடித்துக் கோடிழுத்தது. அப்புறம் ஊதினாள். என் கண்ணில் கொஞ்சம் விழுந்தது. "அது வருமாங்க?" என்று கேட்டாள். "வரும்" என்றேன். "எத்தனை ஆச்சு?" "எழுபத்தெட்டு." "அவ்ளோ ஆயிடுச்சா," என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். எதில் எழுபத்தெட்டு என்று அவளுக்கு அக்கறையில்லை. நல்ல எண் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். போய்விட்டாள். நான் அடுத்த தட்டு ஐஸைக் கொண்டுவந்தேன். ஐஸைத் தள்ளும்போது கை அடிப்பக்கத்தில் பட்டுவிட்டது, சுரீரென்றது.

அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தோம் என்று கேட்டால், மூன்று தடவைக்கு மேல் இருக்காது. மைத்துனன் அவன் வீட்டில் போட்டுக் காட்டினான், அப்போது தாமரை மடியில் உட்கார்ந்து பார்த்தாள், "ஐ, நானு!" என்றாள். அவள் போன பிறகு ஒரு தடவை போட்டோம், குணவதி பாதியில் எழுந்துபோய்விட்டாள். அப்புறம் டேப்பு பரணில் கிடந்தது. டேப்பு சிடியாயிற்று, சிடி பென் டிரைவ் ஆயிற்று, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கரைந்துகொண்டே வந்தாள். மண்டப வாசலில் நிற்கிறாள். கையில் கல்கண்டுத் தட்டு. பட்டுப் பாவாடை என்று நமக்குத் தெரியும், படத்தில் அது ஒரு பச்சைத் திட்டு. வருகிறவர்கள் யாரும் கல்கண்டை எடுக்கவில்லை என்று அவளே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள், அப்போது பார்த்து லைட்டைத் தூக்கிக்கொண்டு வீடியோக்காரர் திரும்புகிறார், திருடி மாட்டிக்கொண்ட மாதிரி நேராக கேமராவைப் பார்த்து நிற்கிறாள், கன்னம் ஒரு பக்கம் உப்பி. அதோடு விட்டிருக்கலாம் அந்த மனுஷர். உடனே ஒரு ரோஜாப்பூ சுற்றிக்கொண்டே வந்து அவளைத் தின்றுவிடும், பூவுக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா கும்பிடு போட்டுக்கொண்டு வருவார். அந்தக் காலத்து எடிட்டிங். அந்த ரோஜாவை வெட்டிவிட்டுத்தான் மிச்சத்தை இதில் போட்டிருக்கிறேன். இதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தட்டு ஞாபகம் இருக்கிறது, பாவாடை, கொலுசு கழன்று குதிகாலில் தொங்கியது, அன்றைக்குப் பந்தியில் உருளைக்கிழங்குக்கு உப்பு கம்மி, எல்லாம். முகம் ஞாபகம் இல்லை. இதை யாரிடம் சொல்வேன். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தெளிவில்லாத வெளிச்சம் இருக்கிறது. போட்டோவை எடுத்துப் பார்த்தால் அந்தப் போட்டோதான் ஞாபகத்தில் நிற்கிறது, ஸ்கூலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்ற பிள்ளை, அது அவள் இல்லை, அவள் ஒரு நிமிஷம் விறைப்பாக நிற்கமாட்டாள். குணவதிக்கு முகம் ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. இருக்கும். அம்மா அல்லவா. அல்லது அவளும் என்னைக் கேட்கப் பயந்துகொண்டிருக்கிறாளோ என்னவோ. ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேரிடமும் அது இல்லை, அடுத்தவரிடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இத்தனை வருஷம். அப்படியானால் இந்த லேப்டாப் கறுத்துப்போனால் அவள் எங்கேயும் இல்லை. எரித்த இடத்தில் இல்லை, படத்தில் இல்லை, எங்கள் தலைக்குள்ளும் இல்லை. இதற்குத்தான் இந்த எண்ணை விட்டு எழமாட்டேன் என்கிறேன். குணவதிக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்காகவும்தான்.

ஒரு தரம் மின்சாரம் கண்ணடித்தது. மேலே ஃபேன் ஒரு சுற்று தடுமாறி மறுபடி ஓடியது. என் உயிர் போய் வந்தது. லேப்டாப் தப்பித்துவிட்டது, எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியவேண்டிய விஷயம்தான், ஆனால் தெரியவில்லை. எவனோ ஒருவன் இப்போது சப்-ஸ்டேஷனில் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், எங்கள் தெருவின் மேல் விரலை வைத்துக்கொண்டு. தம்பி, இன்றைக்கு மட்டும் வேறு தெருவை அணைத்துக்கொள். நான் கூப்பிட்டுச் சொன்னால் கேட்பானா? எத்தனை பேர் என்னிடம் போனில் சொன்னார்கள், குழந்தைக்கு உடம்பு சரியில்லை சார், ஒரு அரை மணி நேரம் விடுங்க சார் என்று. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள் என்று வைத்துவிடுவேன். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றொன்பது. ஏறினதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, ஃபேன் மட்டும் பேயாகக் கத்துகிறது, கொஞ்சம் ஆறினதும் மறுபடி எகிறுகிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது. போதும் விடு, செத்துப்போ, என்று ஒரு நினைப்பு வருகிறது. எங்கிருந்து வருகிறது அது. அன்றைக்கும் கடைசியில் வந்தது. அந்த மூச்சைக் கேட்கமுடியாமல், போதும் கண்ணு, என்று. வாயால் சொல்லவில்லை. நினைத்தேன். நினைத்த கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது, எனக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், நான் படித்தவன், ஆனாலும் இப்போது இந்தப் பெட்டியைப் பார்த்து அவசரமாக, இல்லை, இல்லை, ஓடு, ஓடு சாமி என்கிறேன், வாய்விட்டே. எண்பத்தொன்பது சதவீதம். துண்டால் விசிறுகிறேன். குணவதி தலைக்குப் பூ வைத்துக்கொள்கிறாள், மல்லிகை வாசனை வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் எதற்குப் பூ வைக்கிறாள் என்று யோசித்தேன். அப்புறம் புரிந்தது, ஆஸ்பத்திரிக்காக இல்லை. தொண்ணூற்று மூன்று. கண்ணில் விழுந்த திருநீறு இன்னும் உறுத்துகிறது. தொண்ணூற்றாறு. இப்போது இரண்டு எண்களும் ஒன்றாகிவிட்டன, எது சூடு எது வேலை என்று பிடிபடவில்லை, இரண்டும் தொண்ணூற்றேழு, இரண்டும் தொண்ணூற்றெட்டு, எது முதலில் நூறைத் தாண்டும் என்று பந்தயம் மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சப்தம் நின்றது. ஐயோ, போயிற்று என்று நினைத்தேன். திறந்தால் திரை வெளிச்சமாகத்தான் இருக்கிறது, ஃபேன் மட்டும் தணிந்து மெல்ல ஓடுகிறது, நடுவில் பச்சையாக ஒரு கட்டம். முடிந்தது.

"குணா! குணா, வா, வந்துடுச்சு!" எப்படித்தான் இடிக்காமல் வந்தாளோ. நாற்காலியில் உட்கார வைத்தேன், மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, தலையைத் திருப்பி, அந்த ஓரத்துப் பார்வையைத் திரைக்குக் கொண்டுவந்தாள். ஓட விட்டேன். மண்டப வாசல் ஊசி முனை மாதிரித் தெளிவாக இருந்தது. தட்டில் கல்கண்டு ஒவ்வொன்றாக எண்ணலாம். பச்சைத் திட்டு பாவாடையாகி, பாவாடையில் சரிகை வந்து, சரிகையில் அன்னம் கூட வந்துவிட்டது. பிள்ளை ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, திரும்பி, நேராகப் பார்த்தாள். அழகான பிள்ளை. பெரிய கண்கள், இரண்டும் நேராக, விளம்பரத்தில் வருகிற பிள்ளைக்கு இருக்கிற மாதிரி. யார் இது? எனக்குத் தெரியாத பிள்ளை. தாமரைக்கு இடது கண் உள்பக்கமாக ஒதுங்கும். மாட்டிக்கொண்டால், வெட்கப்பட்டால், இன்னும் ஒதுங்கும், நம்மையும் பார்த்து நம் பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கிற மாதிரி இருக்கும், இடது புருவம் வேறு கொஞ்சம் கலைந்திருக்கும், கீழுதடு தடிப்பு, ஐயோ, வந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக வராதவள் முழுசாக வந்து நின்றாள் எனக்குள், இது அவள் இல்லை என்று தெரிந்த அந்த ஒரு நொடியில். இல்லாத இடத்தை நிரப்பும் என்றாளே நிறைமதி, எதை வைத்து நிரப்பும் என்று நான் கேட்கவேயில்லை. யார் யார் வீட்டுப் பிள்ளைகளையோ வைத்து நிரப்பியிருக்கிறது. "இன்னொரு தடவை," என்றாள் குணவதி. விட்டேன். "இன்னொரு தடவை." வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. சொல்லிவிடலாமா? குணா, இது நம் பிள்ளை இல்லை, லேப்டாப் வரைந்தது. சொல்லிவிட்டு? நாளைக்குக் காலையில் அவள் எதைப் பார்த்துக்கொண்டு படுப்பாள்? குணவதி திரையிலிருந்து முகத்தை எடுத்தாள். கன்னமெல்லாம் ஈரம், ஆனால் பழைய சண்டையில் ஜெயித்தவள் மாதிரி ஒரு சிரிப்பு. "பாத்தீங்களா? கண்ணு நேராத்தான் இருக்கு. நான் எத்தனை தடவை சொன்னேன், பிள்ளைக்கு மாறுகண்ணு இல்லன்னு. நீங்கதான் இருக்கு இருக்குன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு நின்னீங்க." எனக்குள் நின்றவள் அந்த ஒதுங்கின கண்ணால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா குணா," என்றேன். "நீ சொன்னதுதான் சரி." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இனிமே கண்ணு போனாப் போகட்டுங்க. இந்த முகம் போதும் எனக்கு." பையைத் தூக்கிக்கொண்டேன், கதவைப் பூட்டினேன், அவளை ஏற்றி உட்கார வைத்து நானும் ஏறிக்கொண்டேன். தெருமுனை திரும்பும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு மனசுக்குள் தாமரையைக் கூப்பிட்டுப் பார்த்தேன், அந்தக் கலைந்த புருவத்திலிருந்து ஆரம்பித்து, மெதுவாக. நேராகப் பார்க்கிற பிள்ளைதான் வந்தாள்.